அப்பாவின் அம்பிளிபயர்: திருத்துவதா, புதிதாக ஒன்று கட்டுவதா?

மானிப்பாயில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார். அவருடைய அப்பா எண்பதுகளில் வளைகுடாவில் வேலை செய்தபோது வாங்கிவந்த யப்பான் அம்பிளிபயர் ஒன்று வீட்டில் இருக்கிறது. போட்டால் உம்மென்று இரைகிறது. இடது பக்கத்தில் சத்தம் வருவதில்லை. வொலியூமைக் கூட்டினால் டக்கென்று வருகிறது, குறைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விடுகிறது. கையில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு சோல்டரிங் அயனும் உண்டு. இதைத் திருத்திப் பழகுவதா, ஒரு போர்ட் வாங்கிப் புதிதாகக் கட்டுவதா, இல்லை கனடாவில் இருக்கும் மாமா அனுப்புகிறேன் என்று சொல்வதை வாங்கிக்கொள்வதா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, முதலில் அப்பாவுடையதைத் திருத்துங்கள். இத்தனை இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் எண்பதுகளின் பெட்டி ஒன்று ஒரு வீட்டில் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். ஆனால் நான் சொல்வதற்குக் காரணம் அது மட்டுமில்லை. புதிதாகக் கட்டுகிறவர் படத்தில் உள்ளபடி பூட்டிவிட்டு, சத்தம் வராவிட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார். படம் பிழையா, பூட்டியது பிழையா, வாங்கிய சாமான் பிழையா, எதுவும் தெரியாது. உங்களுடையது ஒரு காலத்தில் நன்றாகப் பாடிய பெட்டி. வரைந்தவரும் பூட்டியவரும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். காலம் எதையோ கெடுத்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும். அதோடு ஸ்டீரியோ என்றால் ஒரே சுற்று இரண்டு தரம் பூட்டப்பட்டிருக்கும். இடது பக்கத்தில் ஓர் இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்று தெரியாவிட்டால், வலது பக்கத்தில் அதே இடத்தை அளந்து பாருங்கள். இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார்.

அம்ப் பழுது என்றதும் எல்லாரும் ட்ரான்சிஸ்டரைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பெரும்பாலும் கெட்டிருந்தது பவர் சப்ளை. இல்லாவிட்டால் எங்காவது ஒரு தொடுப்பு, அதாவது சோல்டர், சுவிச், ரிலே (கரண்டால் தானாகத் திறந்து மூடுகிற சுவிச்). அதனால் எப்போதும் கரண்ட் வரும் வழியில் இருந்துதான் பார்த்துக்கொண்டு போகவேண்டும்.

நான் இதைப் படித்தது சைக்கிள் டைனமோவில். 1990 இல் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. கொஞ்ச நாளில் பற்றரியும் தடைசெய்த பொருளாகிவிட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து றேடியோவுக்கு வயர் இழுத்து இரவில் பிபிசி தமிழோசை கேட்டவர்கள் நாங்கள். டைனமோ தருவது 6 வோல்ட் ஏசி, அதாவது முன்னும் பின்னும் மாறி ஓடுகிற கரண்ட். றேடியோவுக்கு வேண்டியது ஒரே பக்கமாக ஓடுகிற டிசி. கரண்டை ஒரு பக்கத்துக்கு மட்டும் விடுகிற டயோட் ஒன்றை மட்டும் போட்டால் குர் என்ற இரைச்சலுக்குள் பேச்சு விளங்காது. நான்கு டயோட் போட்டால் கொஞ்சம் குறையும். அதற்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபராட் கப்பாசிட்டர் ஒன்றைப் போட்டதும் செய்தி வாசிப்பவர் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல வரும். சுற்றுகிறவர் களைத்தால் குரலும் தளரும். சத்தத்தின் பலம் கரண்ட் வருகிற இடத்தில் இருக்கிறது என்பது புத்தகத்தில் படிக்க முன்னமே எங்கள் கைகளுக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் பெட்டிக்குள்ளும் நடப்பது அதுதான். 230 வோல்ட் ட்ரான்ஸ்போமருக்குப் போய்க் குறைகிறது, டயோட் பிரிட்ஜில் ஒரு பக்கமாகத் திரும்புகிறது, இரண்டு பெரிய கப்பாசிட்டர்களில் நிரம்புகிறது. ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ், நடுவில் பூச்சியம். அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் அந்தக் கப்பாசிட்டரில் உள்ள கரண்டைப் பாட்டுக்கு ஏற்றபடி ஸ்பீக்கருக்குத் திறந்து விடுகின்றன. ஸ்பீக்கரின் கூம்பை அசைப்பது அந்தக் கப்பாசிட்டரில் நிரம்பியிருந்த கரண்ட். சீடியில் இருந்தோ போனில் இருந்தோ வரும் சின்னச் சிக்னல், எப்போது எவ்வளவு திறப்பது என்று சொல்கிறது, அவ்வளவுதான். சப்ளை அழுக்காக இருந்தால் அந்த அழுக்கு நேரே ஸ்பீக்கரில் கேட்கும்.

பெட்டிக்குள் கை வைக்க முன் இரண்டு வேலை இருக்கிறது. பிளக்கைக் கழற்றியபிறகும் பெரிய கப்பாசிட்டர்களில் கரண்ட் இருக்கும். ஸ்குறூ ட்ரைவரால் இரண்டு முனையையும் முட்டவைத்து டமார் என்று இறக்குகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு, செய்யாதீர்கள். பொறி கண்ணில் தெறிக்கும், போர்ட்டின் செப்புப் பாதையும் எரியும். 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு வயரில் பற்றவைத்து, முனைகளில் பத்துப் பதினைந்து செக்கன் பிடியுங்கள். அப்புறம் மீட்டரால் அளந்து ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று உறுதிப்படுத்துங்கள். இரண்டு கப்பாசிட்டருக்கும் தனித்தனியாக.

மற்றது சீரீஸ் பல்ப். ஒரு பலகையில் பல்ப் ஹோல்டரும் ஒரு பிளக் பொயின்டும் பூட்டி, லைவ் வயர் பல்பின் ஊடாகப் போகும்படி தொடுத்துவிடுங்கள். 60 அல்லது 100 வாட் பழைய இழை பல்ப்தான் வேண்டும். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. இழை பல்பைக் கடைகளில் தேடித்தான் எடுக்கவேண்டும். கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் சூட்டுக்காக இன்னும் அதைப் பாவிக்கிறார்கள், அவர்கள் வாங்கும் கடையில் கேளுங்கள். அம்பிளிபயரை இதன் ஊடாகப் போடும்போது பல்ப் ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. கப்பாசிட்டர் நிரம்பிய வெளிச்சம் அது. மங்காமல் நின்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட். உங்கள் பெட்டியில் எதுவும் எரியாது, பல்ப்தான் எரிந்துகொண்டிருக்கும். எனக்கு இந்தப் பலகையின் அருமை நட்டப்பட்டபிறகுதான் தெரிந்தது. ஒரு கலியாண வீட்டு அம்பிளிபயருக்கு மூன்று தரம் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் சோடி மாற்றினேன், மூன்று தரமும் போட்ட கையோடு வெடித்தது. காரணம் பயஸ் பகுதியில் (பாட்டு இல்லாதபோது அவுட்புட் ட்ரான்சிஸ்டரில் எவ்வளவு கரண்ட் ஓடவேண்டும் என்று வைக்கிற இடம்) உள்ளே அறுந்துபோன ஒரு சின்ன ரெசிஸ்டர். பல்ப் இருந்திருந்தால் முதல் தரமே தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பல்போடு போடும்போது வோல்டேஜ் குறைவாக இருப்பதால் சில பெட்டிகளில் ரிலே பிடிக்காது. அது பழுதல்ல.

சரி, இரைச்சலுக்கு வருவோம். வொலியூமை முழுக்கக் குறையுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது வொலியூமுக்குப் பிறகு வருகிறது, அநேகமாகப் பவர் சப்ளை. வொலியூமோடு கூடிக் குறைந்தால் அதற்கு முன்னால்: உள்ளே வரும் வயர், எர்த், முன்பகுதிச் சுற்று. இந்த ஒரு சோதனையே தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். இன்னும் உறுதியாகத் தெரியவேண்டுமானால் போனில் ஒலியின் அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடியுங்கள். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். பிரிட்ஜ் அதன் இரண்டு பாதியையும் பாவிப்பதால் சப்ளையில் இருந்து வரும் இரைச்சல் 100 ஹேர்ட்ஸில் நிற்கும், கொஞ்சம் கரகரப்பாகவும் இருக்கும். எர்த்தாலும் வயராலும் வருவதில் 50 தூக்கலாக இருக்கும், ஆழமாக முணுமுணுக்கும். காது பழகினால் செயலியும் வேண்டாம்.

100 என்றால் முதல் சந்தேகம் பெரிய கப்பாசிட்டர்கள். எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்குள் ஈரமான ஒரு பசை இருக்கிறது, அது வருடக் கணக்கில் காய்கிறது. சூட்டில் கெதியாகக் காயும். பத்துப் பாகை சூடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. காற்றுப் போகாத கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பாடவிட்ட பெட்டிகள் முதலில் கெடுவது இதனால்தான். காய்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சின்ன ஒரு கணக்கு: ஸ்பீக்கர்கள் 1 அம்பியர் இழுக்கும்போது 10,000 மைக்ரோஃபராட் கப்பாசிட்டரில் வோல்டேஜ் ஏறத்தாழ 1 வோல்ட் ஏறி இறங்கும். 4700 என்றால் 2 வோல்ட். அதே கப்பாசிட்டர் காய்ந்து 1000 ஆகிவிட்டால் 10 வோல்ட். அவ்வளவு ஏற்ற இறக்கத்தை எந்தச் சுற்றாலும் மறைக்கமுடியாது.

மல்டிமீட்டரை ஏசியில் வைத்துக் கப்பாசிட்டரின் இரண்டு முனையிலும் பிடித்தால் இந்த ஏற்ற இறக்கம் தெரியும். வொலியூமைக் குறைத்து வைத்து இரண்டு கப்பாசிட்டரையும் அளந்து ஒப்பிடுங்கள். சில மலிவு மீட்டர்கள் டிசியையும் ஏசி என்று காட்டிவிடும். ஏசியில் வைத்து ஒரு பற்றரியை இரண்டு பக்கமும் மாற்றி அளந்து பாருங்கள், இரண்டு தரமும் பூச்சியம் காட்டினால் உங்கள் மீட்டரை நம்பலாம். கப்பாசிட்டர் மாற்றும்போது அதே மைக்ரோஃபராட் அல்லது கொஞ்சம் கூட, வோல்ட் அதே அளவு அல்லது கூட, சூடு 105 பாகை என்று எழுதியது. பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். மாற்ற முன் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். பெட்டிக்குள் உள்ள எல்லாக் கப்பாசிட்டரையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றை மாற்றுங்கள், போட்டுக் கேளுங்கள், அளந்து எழுதிவையுங்கள், அப்புறம் அடுத்தது. இருபது இடத்தில் ஒரேயடியாக ஈயம் பற்றவைத்தால் அதில் ஓர் இடம் பிழைத்துவிட்டாலும், எந்த இடம் என்று தேடி ஒரு கிழமை போய்விடும்.

50 என்றால் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு அம்பிளிபயரை மட்டும் தனியாகப் போடுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் பெட்டியில் குறையில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பக் கொழுவிக்கொண்டு வாருங்கள். கம்பியூட்டரோ கேபிள் ரீவியோ கொழுவியதும் தொடங்கினால் இரண்டு பக்கத்தால் எர்த் வந்து ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் பொயின்டில் இருந்து எடுத்துப் பாருங்கள், பல தரம் அதோடு தீரும். பிளக்கில் எர்த் வயரை வெட்டிவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொல்லுவார்கள். நிற்கும்தான். பிறகு ஒருநாள் ட்ரான்ஸ்போமர் உள்ளே தகடோடு முட்டினால், பெட்டியைத் தொடுகிற பிள்ளையின் உடம்பு எர்த் ஆகும். எந்தக் காரணத்துக்கும் அதைச் செய்யவேண்டாம். பியூசுக்குப் பதிலாகச் செப்புத் தும்பு சுற்றுவதும் அப்படித்தான்.

இனி உங்கள் இடது பக்கம். வொலியூமைக் கூட்டினால் டக்கென்று வருகிறது என்று நீங்கள் எழுதியதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. அந்தக் காலத்துப் பெட்டிகளைப் போட்டதும் மூன்று நான்கு செக்கன் கழித்து உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்பீக்கரைக் காப்பாற்றுகிற ரிலே அது. அதன் இரண்டு தொடுமுனைகளும் காலப்போக்கில் கறுத்து ஒரு மெல்லிய படை கட்டும். சின்னச் சத்தத்தில் வரும் கரண்டால் அந்தப் படையைத் தாண்டமுடியாது; கூட்டியதும் உடைத்துக்கொண்டு போய்விடும். எங்கள் குடாநாட்டில் உப்புக் காற்று போகாத இடம் குறைவு, அதனால் இந்தப் பழுது இங்கே அதிகம். பருத்தித்துறைப் பக்கத்தில் இருந்து வரும் பெட்டியென்றால் நான் முதலில் பார்ப்பது ரிலேயைத்தான்.

ஆனால் ரிலேதான் என்று முடிவெடுக்க முன் நிரூபிக்கவேண்டும். பின்னால் வரும் இடது, வலது சிக்னல் வயர்களை மாற்றிக் கொழுவுங்கள். பழுது வலது பக்கத்துக்குப் போனால் குறை வெளியே: வயர் அல்லது பாடுகிற சாதனம். இடது பக்கத்திலேயே நின்றால் இனி ஸ்பீக்கர் வயர்களை மாற்றிக் கொழுவுங்கள். அப்போது சத்தமில்லாத ஸ்பீக்கரும் மாறினால் குறை பெட்டிக்குள். மாறாவிட்டால் ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ. பத்து நிமிட வேலை இது, திறக்கவே தேவையில்லை. பெட்டியின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். அந்தக் காலத்தில் சில பெட்டிகளில் பிரீ அவுட், மெயின் இன் என்று எழுதிய துளைகளை இணைக்க யு வடிவில் சின்னக் கம்பிகள் இருக்கும். அவற்றில் கறள் பிடித்தாலும் இதே குணம்தான் காட்டும். கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டதோடு வேலை முடிந்த பெட்டிகளும் உண்டு.

பெட்டிக்குள் என்று தெரிந்துவிட்டால் மூன்று இடம்: வொலியூம் கொன்ரோல், முன்பக்கச் சுவிச்சுகள், ரிலே. முதலிரண்டுக்கும் கொன்டாக்ட் கிளீனர் ஸ்பிறே அடித்து, கரண்ட் இல்லாமல் இருபது முப்பது தரம் அங்குமிங்கும் திருப்புங்கள், அமுக்குங்கள். 'டேப் மொனிட்டர்' சுவிச்சை மறக்கவேண்டாம். வருடக் கணக்கில் யாரும் தொடாத சுவிச் அது, அதனாலேயே கெடும். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் விடக்கூடாது. அன்றைக்கு நல்லாக இருக்கும், அடுத்த மாதம் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். ரிலேயின் பிளாஸ்டிக் மூடி கழறுமென்றால், தடித்த வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றில் கிளீனரை நனைத்து, தொடுமுனைகளுக்கு இடையில் வைத்து மெல்ல இழுங்கள். கடதாசி கறுத்து வரும். அரத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய் இன்னும் கெதியாகக் கெடும். இதெல்லாம் தற்காலிகம்தான். சுருளின் வோல்டேஜைப் பார்த்து (அநேகமாக 24 வோல்ட்), கால்களின் அமைப்பு ஒன்றாக உள்ள புது ரிலே போடுவதுதான் நிரந்தரம்.

போர்ட்டைக் கழற்றியிருக்கும்போதே பின்பக்கத்து ஈயத்தை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். சூடாகிற ட்ரான்சிஸ்டர், பெரிய ரெசிஸ்டர், ட்ரான்ஸ்போமர் வயர் ஆகியவற்றின் கால்களைச் சுற்றி மோதிரம் போல ஒரு மெல்லிய வெடிப்புத் தெரிந்தால் அது ட்ரை சோல்டர். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். வெடித்த ஈயத்தின்மேல் புது ஈயத்தைப் பூசினால் உள்ளே வெடிப்பு அப்படியே இருக்கும். ஈயம் நல்லதாக வாங்குங்கள். 63க்கு 37 என்ற கலவை 183 பாகையில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக இறுகும், பழகுகிறவருக்கு அதுதான் சுகம். வேலை முடிந்ததும் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கவேண்டாம்.

திருத்திய பெட்டிக்கு உடனே நல்ல ஸ்பீக்கரைக் கொழுவாதீர்கள். முதலில் ஸ்பீக்கர் இல்லாமல், ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளவு பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்றால் நிம்மதி. 100 தாண்டினால் யோசிக்கவேண்டும். வோல்ட் கணக்கில் இருந்தால் அவுட்புட்டில் ஏதோ போய்விட்டது. அந்த டிசி ஸ்பீக்கரின் சுருளைச் சூடாக்கி எரித்துவிடும். ரிலே நல்லாக இருந்தால் இப்படியான நேரத்தில் பிடிக்காமல் நின்று காப்பாற்றும். பழைய ரீவி ஸ்பீக்கர் ஒன்றைச் சோதனைக்கென்று வைத்திருங்கள்.

உங்கள் பெட்டியில் ட்ரான்சிஸ்டர் போயிருக்காது என்றே நினைக்கிறேன், சத்தம் வருகிறதே. ஆனாலும் ஒருநாள் அந்த வேலை வரும், அப்போதைக்காகச் சொல்கிறேன். மீட்டரை டயோட் சோதனையில் வைத்தால் நல்ல சிலிக்கன் சந்தி 0.5 முதல் 0.7 வரை காட்டும். ட்ரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டர் என்ற இரண்டு கால்களுக்கும் இடையில் பூச்சியம் காட்டினால் அது முடிந்தது. ஒன்று போனால் சோடியையும் மாற்றுங்கள், அதற்கு முன்னாலுள்ள ட்ரைவர் ட்ரான்சிஸ்டரையும் 0.22 அல்லது 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரையும் அளந்து பாருங்கள். போட்டபிறகு பயஸ் திருகை ஆகக் குறைந்த பக்கத்தில் வைத்துத் தொடங்கி, சேவிஸ் மனுவல் சொல்கிற அளவுக்கு மெல்ல ஏற்றவேண்டும். 0.22 ஓமின் குறுக்கே 5.5 மில்லிவோல்ட் இருந்தால் 25 மில்லிஅம்பியர் ஓடுகிறது என்று கணக்கு. சந்தையில் கள்ளச் சாமான் நிறைய. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்று பொறித்த போலி சோடிகளை நானே நல்ல காசு கொடுத்து வாங்கி ஏமாந்திருக்கிறேன். உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலிக்கன் துண்டு கடுகளவு. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாம் கிடைக்கும், நல்லதும் கெட்டதும் கலந்து. பெரிய கரண்ட் ஓடுகிற சாமானுக்கு மட்டும் நம்பிக்கையான விநியோகஸ்தரிடம் வெளிநாட்டில் இருந்து எடுப்பது, தபாலுக்குக் காத்திருந்தாலும், கடைசியில் மலிவு.

மாமாவின் அம்பிளிபயர் விஷயத்தில் அவசரப்படவேண்டாம். பெட்டியின் பின்னால் உள்ள ஒட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அதை இங்கே நேரே கொழுவினால் ட்ரான்ஸ்போமர் உறுமும், கப்பாசிட்டர்கள் வெடிக்கும். வெளிநாட்டில் இருந்து ஆசையாக அனுப்பிய எத்தனையோ பெட்டிகள் குடாநாட்டில் முதல் நாளே அப்படிப் போயிருக்கின்றன. 230 ஐ 120 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் போட்டால் சரி என்பார்கள், அதிலும் ஒரு விஷயம் உண்டு. அதிர்வெண் 60 இல் இருந்து 50 ஆகக் குறைவதால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமரின் இரும்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காந்தமேறும். ஒட்டியில் 50/60 என்று இருந்தால் பயமில்லை. வெறும் 60 என்றால் சும்மா நிற்கும்போதே சூடாகும். யப்பானில் இருந்து வரும் பழைய பெட்டிகள் 100 வோல்ட் என்றாலும் அந்த நாட்டின் கிழக்கில் 50, மேற்கில் 60 ஹேர்ட்ஸ் என்பதால் இரண்டுக்கும் தாங்கும்படி செய்திருப்பார்கள். இங்கிலாந்து, ஐரோப்பா, அவுஸ்திரேலியா என்றால் கேள்வியே இல்லை, நேரே கொழுவலாம். உங்கள் அப்பாவுடைய பெட்டியின் பின்னாலும் 110, 220 என்று மாற்றுகிற சுவிச் இருக்கலாம். அது 220 அல்லது 240 இல் நிற்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இதெல்லாம் முடிந்தபிறகு கட்டுங்கள். கட்டும்போது எல்எம்1875 என்ற ஐசியில் (அம்பிளிபயர் சுற்று அடங்கிய சின்னச் சில்லு) தொடங்கச் சொல்வேன். பலரும் டிடிஏ2030 இல் தொடங்குவார்கள். நல்ல ஐசிதான், ஆனால் அதன் எல்லை பிளஸ் மைனஸ் 18 வோல்ட். 12-0-12 ட்ரான்ஸ்போமர் (நடுவில் பூச்சியம், இரண்டு பக்கமும் 12 வோல்ட் ஏசி) கணக்குக்கு 12 ஐ 1.414 ஆல் பெருக்க 17 வோல்ட் தரும், டயோட்டில் ஒன்று போகும், 16 என்று நினைப்போம். சும்மா நிற்கும் ட்ரான்ஸ்போமர் பத்து வீதம் கூடத் தரும். எங்கள் வீட்டில் பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் 210 நிற்கும் கரண்ட் நடுச்சாமத்தில் 240 தாண்டுகிறது. அந்தக் கணக்கில் 18 ஐத் தொட்டுவிடும். நான் கட்டிய முதலாவது பெட்டி யாரும் தொடாத ஒரு சாமத்தில் செத்தது இப்படித்தான். எல்எம்1875 மொத்தமாக 60 வோல்ட் தாங்கும். அதற்கு 15-0-15 ட்ரான்ஸ்போமர், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 80 விஏ, 4700 மைக்ரோஃபராட் கப்பாசிட்டர் பக்கத்துக்கு ஒன்று போதும்.

ஐசியின் உலோக முதுகில் மைனஸ் சப்ளை நிற்கிறது என்பதை மறக்கவேண்டாம். மைக்காத் தாளும் பிளாஸ்டிக் வளையமும் இல்லாமல் ஹீட் சிங்கில் (சூட்டை இறக்குகிற உலோகத் துண்டு) இறுக்கி, அந்த ஹீட் சிங்க் பெட்டியின் எர்த்தோடு முட்டினால் நேரே ஷோர்ட். இறுக்கியதும் மீட்டரால் பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்கவேண்டும். ஐசியின் சப்ளைக் கால்களுக்கு ஒட்டியபடி 0.1 மைக்ரோஃபராட் கப்பாசிட்டரும், ஸ்பீக்கர் முனையில் 1 ஓமும் 0.22 மைக்ரோஃபராடும் தொடராகவும் டேட்டாஷீட்டில் (ஐசியைச் செய்தவர்கள் தரும் விவரத்தாள்) காட்டியிருக்கும். சத்தத்தில் வித்தியாசம் தெரியாது என்று விட்டுவிடுகிறார்கள். விட்டால் ஐசி காதுக்குக் கேட்காத உயரத்தில் தானாக அலைந்து, பாட்டே இல்லாமல் கை வைக்கமுடியாதபடி கொதிக்கும்.

கட்டுகிற வேலையில் மிக முக்கியமானது பூச்சிய வயர்களை எங்கே சேர்ப்பது என்பது. இரண்டு பெரிய கப்பாசிட்டர்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளியை வைத்து, அதில் இருந்து ஒரு சின்னத் துண்டு தள்ளி எல்லா எர்த்தையும் கொண்டுவாருங்கள். இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர், சிக்னல், பெட்டியின் தகடு, எல்லாம் தனித்தனி வயரில் வரவேண்டும். ஸ்பீக்கரின் கரண்ட் போகிற வயரில் சிக்னலின் பூச்சியமும் சேர்ந்து போனால், அந்த வயரில் விழும் சில மில்லிவோல்ட்டையும் அம்ப் பாட்டு என்று நினைத்துப் பெருக்கும். கடைப் போர்ட்டுகள் இரைவதற்குக் காரணம் பெரும்பாலும் போர்ட் இல்லை, அதைப் பூட்டிய விதம். ட்ரான்ஸ்போமரை ஒரு மூலையில், உள்ளே வரும் சிக்னலை எதிர் மூலையில் வையுங்கள். இறுக்க முன் ட்ரான்ஸ்போமரை மெல்லத் திருப்பிக் கேளுங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் ஆகக் குறையும், அங்கே இறுக்குங்கள்.

இது எத்தனை வாட் தரும்? ஒரு பக்கத்துக்கு 8 ஓமில் ஏறத்தாழ 15. கடையில் 3000 வாட் பிஎம்பிஓ என்று எழுதிய பெட்டியைப் பார்த்துவிட்டு இதைக் குறைவாக நினைக்கவேண்டாம். அந்த எண்ணுக்குப் பொது அளவுமுறை எதுவும் கிடையாது, விரும்பியதை எழுதலாம். சப்ளை வோல்டேஜைப் பாருங்கள், உண்மை தெரியும்: 8 ஓமுக்கு 16 வோல்ட் உச்சி போனால் 16 வாட், அதற்குமேல் ஒரு துளியும் வராது. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கப் பத்து மடங்கு வாட் வேண்டும். 90 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரோடு 15 வாட், உங்கள் விறாந்தையில் இருந்து ஒழுங்கை முடிவுவரை கேட்கும். காசு மிஞ்சினால் ஸ்பீக்கரில் போடுங்கள்.

ட்ரான்சிஸ்டர்களைச் சுவிச் போல மிக வேகமாகத் திறந்து மூடுகிற கிளாஸ் டி போர்ட்டுகளையும் ஒதுக்கமாட்டேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் டிபிஏ3116 போர்ட் ஒன்றைப் பழைய கார் பற்றரியில் கொழுவி இரவு முழுக்கப் பாட்டுக் கேட்டோம். போர்ட் இளஞ்சூடுகூட ஆகவில்லை. பாவிக்க அருமை. ஆனால் திருத்திப் பழக அது உதவாது, எல்லாம் ஒரு சில்லுக்குள். வால்வு அம்பிளிபயரில் கை வைக்க இன்னும் சில வருடம் பொறுங்கள். 300, 400 வோல்ட் டிசி நிற்கிற பெட்டி அது, கை பிழைத்தால் உயிரோடு விளையாட்டு. ட்ரான்ஸ்போமர் இல்லாத சுவிச்சிங் சப்ளை உள்ள ஹோம் தியேட்டர் பெட்டிகளும் அப்படித்தான், உள்ளே 325 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும்.

வைக்கிற இடத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு பிளக்கையும் அன்டெனா வயரையும் இரண்டையும் கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் நிற்பாட்டுவது போதாது. காற்றுத் துளைகளுக்கு உள்பக்கமாகக் கொசுவலைத் துண்டு ஒட்டினால் பல்லி வராது. பவர் பகுதியில் பல்லி செத்துக் கிடந்த பெட்டிகளை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இந்தக் கிழமை நீங்கள் செய்யவேண்டியது மூன்றுதான்: பின்னாலுள்ள வோல்டேஜ் சுவிச்சைப் பார்ப்பது, வொலியூமைக் குறைத்தால் இரைச்சல் நிற்கிறதா என்று கேட்பது, ஸ்பீக்கர் முனைகளில் இரண்டு பக்கத்து டிசியையும் அளப்பது. அந்த எண்களையும், மூடியைத் திறந்தால் ரிலேயின் மேலே எழுதியிருப்பதையும் எழுதி அனுப்புங்கள், அடுத்தது எங்கே கை வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம். சீரீஸ் பல்ப் பலகையைச் செய்யாமல் மட்டும் திறக்கவேண்டாம், தம்பி.